வெப்ப அலையில் இரவைக் காப்பது: செட்டிநாட்டில் தனித்திருக்கும் பெற்றோருக்காக

தேவகோட்டைக்கு அருகில் ஒரு கிராமத்தில் 78 வயது அப்பச்சியும் (அப்பாவும்) 72 வயது ஆத்தாவும் (அம்மாவும்) தனியாக இருக்கிறார்கள் என்றும், பழைய வீடு பெரிதாக இருந்தாலும் பின்கட்டை ஒட்டிப் பின்னாளில் கட்டிய கான்கிரீட் அறையில்தான் இருவரும் படுக்கிறார்கள் என்றும், அப்பச்சிக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓர் அறையில் மட்டும் ஏசி இருக்கிறது. மின்சாரமோ சொல்லாமல் போய்விடுகிறது. வழக்கத்தை மீறிய இந்த ஆண்டு வெயிலில் அவர்களைக் காப்பதற்கு என்ன செய்ய வேண்டும், சென்னைக்கே அழைத்துக்கொள்வது நல்லதா என்பது உங்கள் கேள்வி.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் நெடுங்காலம் வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெயில் என்றவுடன் எல்லோரும் உச்சிப் பொழுதைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் நம் ஊர் முதியவர்கள் உச்சி வெயிலில் தெருவில் இறங்குவதில்லை. அதை அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. அவர்களைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் வீட்டுக்குள் தங்கிவிட்ட வெப்பம், அதிலும் குறிப்பாக இரவின் வெப்பம். பகலெல்லாம் சூடேறிய உடம்பு இரவில் சில மணி நேரமாவது ஆறினால்தான் மறுநாளைத் தாங்கும். அவ்வாறு ஆறாமலேயே இரண்டு மூன்று இரவுகள் கழிந்தால், தோலுக்கு இரத்தத்தை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் இதயமும், நீர் குறைந்த நிலையிலும் வேலை செய்யும் சிறுநீரகமும் களைத்துப்போகின்றன. வெப்ப அலை நீள நீள ஆபத்து கூடுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே மோர், இளநீர் என்று தொடங்காமல், வீட்டிலிருந்தும் இரவிலிருந்தும் தொடங்குகிறேன்.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதையும் முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள். சமவெளிப் பகுதியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை மிகுந்திருந்தால் அதை வெப்ப அலை என்றும், அதற்கும் மேலே போனால் கடும் வெப்ப அலை என்றும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்திருக்கிறது; கடலோர நிலையங்களுக்கு அந்த 40 என்பது 37 ஆகக் குறைகிறது. அதே துறை இரவுக்கும் ஒரு வரையறை வைத்திருக்கிறது: பகல் வெப்பநிலை 40 டிகிரிக்குக் குறையாத நாளில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் உயர்ந்திருந்தால் அது வெப்ப இரவு. நாளிதழ்கள் பகல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போடும், இரவு எண்ணை ஓரத்தில் போடும். நீங்கள் ஓரத்தில் இருப்பதைப் பாருங்கள். குறைந்தபட்சமே 29, 30 என்று நிற்கும் நாள்களில் ஊருக்கு இருமுறை தொலைபேசியில் பேசுங்கள்.

செட்டிநாடு இருக்கும் இடமும் இதில் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. மேற்கே மதுரையின் காற்று வறண்டது. கிழக்கே தொண்டிக் கடற்கரையின் காற்று ஈரமானது. காரைக்குடியும் தேவகோட்டையும் இரண்டுக்கும் நடுவில் கிடக்கின்றன. மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாள்களில் பகல் வெப்பம் உச்சத்துக்குப் போகும். ஆனால் காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காயும், ஈரத் துணி நன்றாக வேலை செய்யும். கடற்காற்று பிற்பகலில் வந்துவிட்டால் வெப்பநிலை இறங்கும், புழுக்கமோ ஏறும். அப்போது உடம்பின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் வியர்வை ஆவியாகும். இந்த இரண்டு வகை நாளையும் பிரித்தறியாமல் ஒரே முறையைப் பின்பற்றினால் பாதி நாள் பயன் இருக்காது.

உடம்பின் கணக்கு எளியது. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை வெப்பம் உடம்பிலிருந்து வெளியே போகும். காற்று அதைத் தாண்டிவிட்டால் வெப்பம் திரும்பி உடம்புக்குள் வரும். அப்போது மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலேயே ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வழிந்து சொட்டிப்போகும் வியர்வையால் பயன் இல்லை. முதியவர்களுக்கு வியர்ப்பது குறைவு, தாகம் தெரிவது அதைவிடக் குறைவு. "எனக்குத் தாகமே எடுக்கலையேப்பா" என்று அப்பச்சி சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி வீடு. காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் மாத நடுவில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அதாவது, மே 4 வாக்கில் கத்திரி பிறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நம் கூரைகள் முழுத் தாக்குதலையும் வாங்கத் தொடங்கிவிடுகின்றன. அதன்பின் சூரியன் வடக்கே நகர்வதால் மே, ஜூன் மாதங்களில் நண்பகல் வெயில் சற்றே வடக்கிலிருந்து விழும்; வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயிலே படாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆனாலும் சுவர்களில் பெருஞ்சூட்டை வாங்குபவை கிழக்கும் மேற்கும்தான், அவற்றிலும் பிற்பகல் வெயிலை வாங்கும் மேற்குச் சுவர் கொடியது. எல்லாவற்றையும்விடக் கூடுதலாக வாங்குவது மேல்தளம்.

உங்கள் பெற்றோர் படுக்கும் கான்கிரீட் அறையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நான்கைந்து அங்குலத் தளம் நண்பகலில் வாங்கிய சூடு சில மணி நேரம் கழித்து, மாலையில்தான் உள்பக்கத்துக்கு வந்து சேரும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் ஆறாத இட்லிப் பானையைப் போல அந்த அறை நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். வெளியே காற்று குளிர்ந்துவிட்ட ஒன்பது மணிக்கும் உள்ளே அனல் அடிப்பதும், மின்விசிறியைப் போட்டால் தளத்தின் கீழ் தேங்கிய சூட்டையே கீழே இறக்குவதும் இதனால்தான். மின்சாரம் போன இரவில் வீட்டிலேயே மோசமான இடம் அந்த ஏசி அறைதான்.

எனவே என் முதல் பரிந்துரை, இந்த இரண்டு மாதங்களுக்காவது இருவரையும் பழைய வீட்டுக்குள் படுக்க வையுங்கள் என்பது. பெருமைக்காகச் சொல்வதில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அந்தப் பருத்த சுவர்கள் பகல் சூட்டை உள்ளே விடப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். உயர்ந்த கூரை, சூடான காற்றைத் தலைக்கு மேலே வெகு தூரத்தில் நிறுத்தும். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம், வெயில் நேரடியாக அறைச் சுவரில் படாமல் தடுக்கும். இரவில் வானத்தை நோக்கித் திறந்திருக்கும் வளவு சூட்டை மேலே விட்டுவிட்டு ஆறும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அங்கே இறங்கித் தங்கி, திறந்திருக்கும் கதவுகளின் வழியே பட்டாலை என்னும் கூடத்துக்கும் அறைகளுக்கும் பரவும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் மண்ணோடு ஒட்டியிருப்பதால் மாடித் தரையைப் போலச் சூடேறாது. அதன்மேல் கோரைப்பாய் விரித்துப் படுத்தால் பஞ்சு மெத்தையை விடவும், நிச்சயமாக ஃபோம் மெத்தையை விடவும் உடம்பு சீக்கிரம் ஆறும். முழங்கால் வலிக்கும் ஆத்தாவால் தரையில் படுத்து எழ முடியாது என்றால் கயிற்றுக் கட்டில் போதும். கீழிருந்தும் காற்று வரும்.

ஆனால் அந்த வீடு தானாக வேலை செய்யாது. நேரம் பார்த்துத் திறந்து மூட வேண்டும். பழையவர்கள் இரவில் உள்கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, காலை வெயில் ஏறியதும் ஜன்னல் கதவுகளைச் சாத்துவார்கள். இன்று நாம் நேர்மாறாகச் செய்கிறோம்: களவுக்குப் பயந்து இரவில் எல்லாவற்றையும் பூட்டுகிறோம், காற்று வரட்டும் என்று நண்பகலில் திறந்து போட்டு அனலை உள்ளே அழைக்கிறோம். காலை எட்டரை, ஒன்பது மணிக்குக் கிழக்குப் பக்கம் தொடங்கி எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட வேண்டும். மாலையில் வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால், மலிவான வெப்பமானி இரண்டு வாங்கி, ஒன்றைப் பட்டாலையிலும் மற்றொன்றை நிழலான வெளிச்சுவரிலும் மாட்டிவிட்டால் யோசிக்க வேண்டியதே இல்லை. இரும்புக் கம்பி போட்ட ஜன்னல்களையும், வளவுக்கு மேலே வலை இருந்தால் உள்கதவுகளையும் இரவில் அச்சமின்றித் திறந்து வைக்கலாம். கொசுவலை கட்டாயம்.

வளவின் மேல் ஃபைபர் ஷீட் போட்டு மூடியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. குரங்குக்கும் மழைக்கும் பயந்து பலர் போட்டிருக்கிறார்கள். அதைப் போட்ட நாளிலிருந்து வீடு வெந்துபோகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். ஒளியை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாத மூடி அது. முழுவதும் கழற்ற மனமில்லை என்றால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வரிசையையாவது கழற்றிக் கம்பி வலை போடச் சொல்லுங்கள். இன்னொன்று, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அறையில் ஒரே நாளில் படுக்கையைப் போட்டுவிடாதீர்கள். தேளும் பூரானும் நம்மைவிட நெடுநாளாக அங்கே குடியிருக்கின்றன. சாமான்களை வெளியே எடுத்துச் சுத்தம் செய்த பிறகே படுக்க வேண்டும்.

கான்கிரீட் அறையைவிட்டு வரமாட்டேன் என்று அப்பச்சி பிடிவாதம் பிடித்தால் மேல்தளத்தைக் கவனிக்க வேண்டும். மலிவானதும் உடனே பலன் தருவதும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. தளத்தைக் கழுவிக் காயவைத்து, நீர்த்த கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கஞ்சியோ பசையோ கலந்து இரண்டு கை பூசினால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும்; வெறுங்காலில் நின்று பார்த்தாலே வேறுபாடு தெரியும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பங்குனியில் மறுபடி பூச வேண்டும். சூரிய ஒளியைத் திருப்பும் பெயிண்ட் இதையே சில ஆண்டுகளுக்குச் செய்யும். இதைவிட நல்லது நிழல்: தளத்துக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தலோ பச்சை வலையோ கட்டினால் வெயில் தளத்தைத் தொடவே தொடாது. இடைவெளி இல்லாமல் தளத்தின் மேலேயே விரித்தால் பாதிப் பயன்தான். தளத்தில் தண்ணீர் ஊற்றுவதைப் பலர் செய்கிறார்கள். சூரியன் சாய்ந்த பிறகு நனைத்த சாக்குகளைப் பரப்பினால் பலன் உண்டு, ஆனால் கோடையில் தண்ணீருக்கே திண்டாடும் ஊரில் இதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது நிரந்தரத் தீர்வு; அதைக் கத்திரியில் தொடங்காமல் அடுத்த தை மாதத்துக்குத் திட்டமிடுங்கள். மேற்குச் சுவருக்கு வெளியே கீற்றுத் தட்டி சாய்த்து வைப்பது உள்ளே திரைச்சீலை போடுவதைவிட மேல். திரை தடுக்கும்போது சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

மின்விசிறி, கூலர், ஏசி ஆகிய மூன்றுக்கும் எல்லைகள் வேறு. காற்றின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடாக்கும் என்பதால் அந்நேரத்தில் அதை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஆனால் தோலை நனைத்துக்கொண்டே இருந்தால் விசிறியின் பயன் கூடும்; ஈரத் துண்டைக் கழுத்திலும் கைகளிலும் போட்டுக்கொண்டு விசிறியின் கீழ் உட்காருவது எளிய, செலவில்லாத முறை. கூலர் வறண்ட மேற்குக் காற்று நாளில் அருமையாக வேலை செய்யும், புழுக்கமான நாளில் ஈரத்தைத்தான் கூட்டும். எந்த நாளிலும் எதிர் ஜன்னலைத் திறந்து வைக்காமல் அதை ஓட்டக் கூடாது. ஏசியை 18 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதைவிட, 26 அல்லது 27 டிகிரியில் வைத்து விசிறியையும் மெல்ல ஓட்டினால் மின்சாரமும் மிச்சம், வெளியே எழுந்து போகும்போது உடம்புக்கு அதிர்ச்சியும் இல்லை. நாள் முழுவதும் ஏசியில் இருக்க வேண்டியதில்லை. வெப்பம் மிகுந்த பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இருந்தாலே உடம்புக்குப் பெரும் ஓய்வு. ஆகவே பிற்பகலில் ஏசி அறை, இரவில் வளவை ஒட்டிய தாழ்வாரம் என்று பிரித்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் ஒரு விசிறிக்கும் விளக்குக்குமாக இருந்தால் போதும். அதன் பேட்டரி நீரைச் சித்திரை பிறக்குமுன் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

குளியல் பற்றி ஒரு சொல். மாடித் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் கைவைக்க முடியாத சூட்டில் வரும். பழைய வீட்டில் சும்மா கிடக்கும் அண்டாக்களில் ஒன்றை விடியற்காலையில் நிரப்பி நிழலில் வைத்துவிட்டால், மாலையிலும் படுக்கப் போகுமுன்னும் அந்தத் தண்ணீரில் குளிக்கலாம். படுக்கைக்கு முன் குளிப்பது இரவு உறக்கத்தைக் காக்கும். அது முடியாத நாளில் கால்களை முழங்கால் வரை தண்ணீரில் வைத்திருந்தாலும் நல்லது.

குடிப்பதும் உண்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. நீராகாரம், உப்புப் போட்ட நீர்மோர், கேப்பைக் கூழ், வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு எல்லாம் நம் கோடைக்கென்றே அமைந்தவை. வியர்வையில் போகும் நீரையும் உப்பையும் சேர்த்தே திருப்பித் தருபவை. தாகத்தை எதிர்பார்க்காமல் மணிக்கொரு டம்ளர் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள். இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்துவது நம் வீட்டு முதியவர்களின் வழக்கம், முக்கியமாகப் பெண்களின் வழக்கம். பழைய வீட்டில் கழிப்பறை கடைசிக் கட்டில் இருப்பதும் அதற்குக் காரணம். அந்த வழியில் இரவு விளக்கும், கட்டிலருகே ஒரு நாற்காலிக் கழிப்பறையும் வைத்தால் ஆத்தா தண்ணீர் குடிப்பார். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அடர்ந்த மஞ்சளாக, அளவு குறைந்து போனால் நீர் போதவில்லை.

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. பானகமும் பதநீரும் அப்பச்சியின் சர்க்கரைக்கு ஆகாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரகம் குறைபட்டவர்களுக்கு அதுவே இதயத்தைப் பாதிக்கும், ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அவருடைய கிரியாட்டினின் அளவு தெரியாமல் நாளுக்கு இரண்டு இளநீர் என்று வழக்கப்படுத்தாதீர்கள். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை எவ்வளவு கூட்டலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஓஆர்எஸ் பொடி நான்கைந்து பாக்கெட் வீட்டில் இருக்கட்டும்; பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கக் கூடாது. பொடி இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகா. காப்பியை நிறுத்த வேண்டியதில்லை, அளவாகக் குடிக்கலாம். பழைய சோறு நல்லதுதான் என்றாலும் சுத்தமான தண்ணீர் ஊற்றி வைத்ததாக இருக்க வேண்டும். கறிக் குழம்பையும் மீனையும் இந்த வெயிலில் வெளியே வைத்து மாலைக்கு எடுத்து உண்பதை நிறுத்திவிடுங்கள். வெப்ப நாளில் வயிற்றுப்போக்கு சேர்ந்துகொண்டால் முதியவர் ஒரே நாளில் சரிந்துவிடுவார்.

மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை யாரும் கேட்பதில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நீர் மாத்திரை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும். வெப்ப அலையில் வியர்வையும் அதையே செய்யும். மற்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் நீர் குறைந்த உடம்பில் அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வைக்கும். சர்க்கரைக்கான புதிய மாத்திரைகளில் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதோடு நீரையும் கூடவே இழுத்துப் போகின்றன. சளிக்கும் உறக்கத்துக்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள் வியர்வையையே குறைக்கும். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், வெப்ப நாள்களில் அளவை மாற்ற வேண்டுமா, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் எந்த மாத்திரையை அன்றைக்கு விட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால், மின்சாரம் நெடுநேரம் போகும் நாளுக்காக ஒரு மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து இடையில் ஈர மணலை நிரப்பித் தயாராக வைத்திருக்கலாம். மருந்து நனையாதபடி மூடிய டப்பாவில் போட்டு உள்ளே வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோன இன்சுலின் கெட்டுப்போனது என்றே கொள்ள வேண்டும்.

ஆபத்தின் அறிகுறிகளை இரண்டு படியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதற்படியில் களைப்பு, தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, அளவுக்கு மீறிய வியர்வை, எழுந்தால் தலைசுற்றல் ஆகியவை வரும். மனம் தெளிவாக இருக்கும். குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தேறத் தொடங்க வேண்டும். தேறவில்லை என்றால் மருத்துவமனை.

இரண்டாம் படி வெப்பத் தாக்கு. உடம்பின் உட்சூடு 40 டிகிரியை, அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, மூளை தடுமாறும். பேச்சுக் குழறல், ஆள் அடையாளம் தெரியாமை, வழக்கமில்லாத கோபம், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. தோல் வறண்டு சுடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். வியர்த்துக்கொண்டே வெப்பத் தாக்கு வருவதும் உண்டு, ஆகவே வியர்வையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பலர் இதைப் பக்கவாதம் என்றோ சர்க்கரை இறங்கிவிட்டது என்றோ நினைத்து, போர்த்திப் படுக்கவைத்து வண்டிக்குக் காத்திருப்பார்கள். 108 ஐ அழைத்த உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வண்டி வரும்வரை கழியும் நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. ஆடையைத் தளர்த்தி, அண்டாவில் இருக்கும் தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றிக்கொண்டே, விசிறி இல்லாவிட்டால் முறத்தாலோ பனையோலை விசிறியாலோ விடாமல் வீச வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது; புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதில் பயன்படாது, கெடுதலும் செய்யலாம். அப்பச்சிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் குளுக்கோமீட்டரில் ஒரு முறை பார்த்துவிடலாம், ஆனால் அதற்காகக் குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

இதையெல்லாம் செய்ய அந்த நேரத்தில் அருகில் ஆள் வேண்டும் என்பதுதான் செட்டிநாட்டின் உண்மையான பிரச்சினை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்; காவலுக்கு இருப்பவர் முகப்பில் படுத்திருப்பார்; மூன்றாம் கட்டில் ஒருவர் விழுந்தால் முகப்புக்குக் கேட்காது. ஒரு கம்பியில்லா அழைப்பு மணியை வாங்கிப் பொத்தானைப் படுக்கையருகிலும் மணியைக் காவல்காரரிடமும் வைக்கச் செய்யுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியோ பங்காளி வீட்டாரோ காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதில் தயக்கம் வேண்டாம், அவர்கள் வீட்டு முதியவரை உங்கள் ஆத்தாவும் பார்த்துக்கொள்வார். தொலைபேசியில் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "நல்லா இருக்கோம்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, இரவு எத்தனை மணிக்கு உறங்கினீர்கள், காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் போனது, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், வெப்பமானியில் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். பதிலில் குழப்பமோ வழக்கமில்லாத எரிச்சலோ தெரிந்தால் உடனே யாரையாவது அனுப்புங்கள்.

கோடையில் வரும் கல்யாணங்களும், அறுபது, எண்பது வயது நிறைவுச் சாந்திகளும், திருவிழாக்களும் தனி ஆபத்து. வைகாசி முகூர்த்தத்தில் பட்டுடுத்தி, தகரப் பந்தலின் கீழ் மூன்று மணி நேரம் உட்காருவதைத் தவிர்க்க முடியாவிட்டால், காலை முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்குக் காத்திராமல் வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். கோயில் பிரகாரத்தில் கருங்கல் தளம் காலை பத்து மணிக்கே கொதிக்கும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர் சூடு தெரியாமல் நடந்து கொப்புளம் போட்டுக்கொள்வார், அந்தப் புண் எளிதில் ஆறாது. பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போக வேண்டும் என்றால் நடை திறந்தவுடன் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். உங்கள் வீட்டில் பூச்சு வேலையோ தட்டி கட்டும் வேலையோ செய்ய வருபவர்களையும் பதினொரு மணிக்கு நிறுத்தி நான்கு மணிக்குப் பிறகு தொடரச் சொல்லுங்கள். வெயில் வேலைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். புதிதாக வந்த ஆள் முதல் சில நாள்களில்தான் அதிகம் விழுகிறார். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டிருப்பதும் பெரும்பாலும் இவர்களை மனத்தில் கொண்டுதான்.

சென்னைக்கு அழைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு என் பதில், பகலில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைப் பொறுத்தது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட, மேல்மாடிக் குடியிருப்பில் முதியவர்கள் இருவரும் பூட்டிய கதவுக்குள் இருப்பார்கள் என்றால், மேலே சொன்ன ஏற்பாடுகளோடு ஊரில் இருப்பதே பாதுகாப்பு. சென்னையின் புழுக்கமும் மேல்மாடித் தளமும் அவர்களுக்குப் பழக்கமில்லாதவை, பக்கத்து வீட்டு ஆச்சியும் அங்கே இல்லை. வீட்டில் ஆளும், இரவில் நம்பத்தக்க ஏசியும் இருந்தால் அழைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெப்ப அலை அறிவித்த பிறகு அவசரமாகக் காரில் நண்பகலில் கூட்டி வராதீர்கள். பல்லவன் ரயில் அதிகாலையில் காரைக்குடியை விட்டாலும் உச்சிப் பொழுதில்தான் எழும்பூரில் இறக்கிவிடும். ஆகவே பங்குனி முடிவதற்குள், இரவு ரயிலில் குளிர்சாதனப் பெட்டியில் கீழ்ப்படுக்கை இரண்டு எடுத்து, விடியற்காலையில் வந்து இறங்கும்படி செய்யுங்கள். திரும்பிப் போவதையும் முதல் கோடை மழை பெய்தவுடன் வைத்துக்கொள்ள வேண்டாம். மழைக்கு மறுநாள் வெப்பநிலை குறைந்திருந்தாலும் புழுக்கம் கூடியிருக்கும், பூட்டிய வீட்டின் சுவர்கள் ஆற இன்னும் சில இரவுகள் ஆகும். அவர்கள் போவதற்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகளில் காவல்காரரை வளவுக் கதவுகளைத் திறந்து வைக்கச் சொன்னால் போதும்.